கிராவீன் பள்ளிக்காக வீடு மாறத் தேவையில்லை

சிட்னியின் மேற்குப் புறநகரான செவன் ஹில்ஸில் குடியேற நினைக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை அங்கே போக வேண்டாம் என்பதுதான். “இரண்டு ஸ்டேஷன் தள்ளி கிராவீன் பக்கம் வீடு பாருங்கள். வாடகை கூடினாலும் பரவாயில்லை, பிள்ளைக்கு செலக்டிவ் ஸ்கூலில் இடம் கிடைக்கும்.” கோயிலிலும் பிறந்தநாள் விருந்திலும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி வாசலிலும் இதே பேச்சு ஆண்டுக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கிறது.

இது தவறு. பாதி உண்மையும் இதில் இல்லை. கிராவீன் உயர்நிலைப் பள்ளி, தேர்வு வழியாகவே மாணவர்களைச் சேர்க்கும் முழுமையான செலக்டிவ் பள்ளி. அதற்கு எல்லைப் பகுதி, அதாவது பெற்றோர் சொல்லும் ‘சோன்’, கிடையாது. பள்ளி மதிலை ஒட்டிய வீட்டுப் பிள்ளைக்கும் செவன் ஹில்ஸ் பிள்ளைக்கும் விதி ஒன்றே. ஆறாம் வகுப்பில் மாநிலம் முழுவதற்கும் பொதுவாக நடக்கும் தேர்வை எழுத வேண்டும். வாசிப்பு, கணிதத் தர்க்கம், சிந்தனைத் திறன், எழுத்து என்று அதில் நான்கு பகுதிகள். விரும்பும் பள்ளிகளில் மூன்று வரை வரிசைப்படுத்திக் கொடுக்கலாம். தேர்ச்சி நிலையும் அந்த வரிசையும் இடத்தை முடிவுசெய்கின்றன. பின்தங்கிய பொருளாதாரச் சூழல், பூர்வகுடிப் பின்னணி, தொலைதூர ஊர்கள், மாற்றுத்திறன் ஆகியவற்றுக்காக 20 விழுக்காடு வரை ஒதுக்கீடு உண்டு. கிராவீன் வாடகைதாரர்களுக்கு எந்த ஒதுக்கீடும் இல்லை. கார்லிங்போர்டில் உள்ள ஜேம்ஸ் ரூஸ், பாக்கம் ஹில்ஸ், பென்ரித் ஆகிய முழு செலக்டிவ் பள்ளிகளுக்கும் இதே முறைதான்.

இத்தனை தெளிவான விதி இருந்தும் வதந்தி சாகாததற்குக் காரணங்கள் உண்டு. ஒன்று, பெயர்க் குழப்பம். கிராவீனில் ஓர் அரசு ஆரம்பப் பள்ளியும் இருக்கிறது, அதற்கு எல்லைப் பகுதி உண்டு. பெயர் ஒன்றாக இருப்பதால் ஆரம்பப் பள்ளியின் விதியை உயர்நிலைப் பள்ளியின் தலையில் ஏற்றிவிடுகிறார்கள். இரண்டாவது, செரிபுரூக் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி போன்ற பொதுப் பள்ளிகள். அங்கே எல்லை உண்மையாகவே இருக்கிறது, வீட்டு விலையும் அதைப் பார்த்து ஏறுகிறது. அதைக் கண்டவர்கள் எல்லாப் பள்ளிக்கும் அப்படித்தான் என்று முடிவுகட்டுகிறார்கள். பரமட்டா உயர்நிலைப் பள்ளியோ பகுதி செலக்டிவ். ஒரு பங்கு இடங்கள் தேர்வு வழியாகவும் மற்றவை எல்லைப் பிள்ளைகளுக்கும் போகின்றன. குழப்பம் இதனால் இன்னும் கூடுகிறது.

மூன்றாவது காரணம், விளைவைக் காரணமாகப் படிப்பது. துங்காபி, பெண்டில் ஹில், வென்ட்வொர்த்வில் வட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அருகில் இருக்கிறதே என்று கிராவீனை விருப்ப வரிசையில் எழுதுகிறார்கள், தேர்வு எழுதுகிறார்கள், சிலர் தேறுகிறார்கள். அவர்களைத் தேற வைத்தது படிப்புதான், முகவரி அல்ல. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்தது என்பதற்காக வாரந்தோறும் கூடுதல் வாடகை கட்டுவதில் எந்த நியாயமும் இல்லை.

பயணத் தொலைவைச் சொல்லிச் சிலர் வாதிடுகிறார்கள். செவன் ஹில்ஸிலிருந்து ரயிலில் துங்காபி, அடுத்தது பெண்டில் ஹில். அங்கிருந்து கிராவீன் பள்ளி எட்டும் தூரம். ஜேம்ஸ் ரூஸ் என்றால் வெஸ்ட்மீடில் இறங்கி இலகு ரயில் ஏறலாம். 2024 டிசம்பரிலிருந்து அது கார்லிங்போர்டு வரை ஓடுகிறது. நிரந்தர வதிவுரிமை உள்ள உயர்நிலைப் பள்ளி மாணவருக்கு, வீட்டுக்கும் பள்ளிக்கும் நேர்கோட்டில் 2 கிலோமீட்டருக்கு மேல் இருந்தால், மாணவர் ஓபல் அட்டையில் பயணம் இலவசம்.

வதந்தியைப் பரப்புவோர் ஒருமுறைகூடச் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. செலக்டிவ் உயர்நிலைப் பள்ளியில் சேர ஆஸ்திரேலியக் குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ நியூசிலாந்துக் குடியுரிமையோ வேண்டும். தற்காலிக விசாவில் வந்திறங்கிய குடும்பம் கிராவீனில் வீடெடுத்து, டியூஷனுக்கும் பணம் கட்டிய பிறகு இதைத் தெரிந்துகொள்வது கொடுமை. அறிவுரை சொன்னவர் அந்த வாடகையில் பங்கு தரப்போவதில்லை.

முகவரி முடிவுசெய்வது வேறொன்றை: எல்லைப் பகுதியின் அரசுப் பள்ளியை. ஆண்டுதோறும் ஏறத்தாழ 4,200 செலக்டிவ் இடங்களுக்கு 15,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் விண்ணப்பிக்கிறார்கள். பெரும்பாலானோருக்கு இடம் கிடைக்காது. அவர்கள் போகப்போவது பெற்றோர் எட்டிக்கூடப் பார்க்காத உள்ளூர்ப் பள்ளிக்குத்தான். ஆகவே வீடு தேடும்போது பார்க்க வேண்டிய பள்ளி அது. கல்வித் துறையின் பள்ளி தேடும் பக்கத்தில் முகவரியை இட்டால் எந்தப் பள்ளி என்று தெரிந்துவிடும். ஒரே தெருவின் இரு பக்கங்கள் இரு பள்ளிகளுக்குப் போவதுண்டு என்பதால் ஊர்ப் பெயரை மட்டும் இட்டால் போதாது. உறவினர் முகவரியைக் கொடுத்துச் சமாளிக்கும் யோசனையும் வேண்டாம். இடநெருக்கடி உள்ள பள்ளிகள் நூறு புள்ளி முகவரிச் சரிபார்ப்பு நடத்துகின்றன. வீட்டு முகவர் வழியான, குறைந்தது ஆறு மாத வாடகை ஒப்பந்தத்துக்கே அதில் 40 புள்ளிதான்.

பள்ளி விவரங்களைத் தரும் ‘மை ஸ்கூல்’ தளத்தில் பள்ளியின் சமூகப் பின்னணிக் குறியீட்டு எண் 1000-க்கு மேல் இருந்தால் நல்ல பள்ளி, குறைந்தால் மட்டம் என்பதும் தவறு. அந்த எண் பெற்றோரின் கல்வி, தொழில், பள்ளியின் அமைவிடம் போன்றவற்றைக் கொண்டு கணக்கிடப்படுவது, சராசரி 1000. ஆசிரியர் எப்படிக் கற்பிக்கிறார் என்பதை அது அளப்பதில்லை.

மெல்பர்ன் போனால் இந்த செலக்டிவ் தலைவலி இல்லை என்பார்கள். மெல்பர்ன் ஹை, மெக்ராபர்ட்சன், நோசல், சுசான் கோரி என அங்கும் நான்கு செலக்டிவ் பள்ளிகள் உண்டு. சேர்க்கை ஒன்பதாம் வகுப்பில், நுழைவுத் தேர்வு வழியாக.

  

சிட்னியில் ஆறாம் வகுப்புத் தேர்வைத் தவறவிட்டால் எல்லாம் முடிந்தது என்பதும் உண்மையல்ல. எட்டு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை செலக்டிவ் பள்ளிகளில் காலியாகும் இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம்.

வீடு தேடும்போது அருகாமையை அளந்தே தீர வேண்டிய ஒரு பள்ளி உண்டென்றால் அது தமிழ்ப் பள்ளி. வென்ட்வொர்த்வில்லிலும் ஹோம்புஷிலும் தமிழ்க் கல்வி நிலையங்கள் நடக்கின்றன. பாலர் மலர் பள்ளிக்குப் பல கிளைகள். தன்னார்வ ஆசிரியர்களின் உழைப்பில் ஓடும் இவற்றுக்கு இலவசப் பேருந்து இல்லை, ஒவ்வொரு வாரமும் பெற்றோர்தான் கொண்டுபோய் விட வேண்டும். முக்கால் மணி நேரப் பயணம் என்றால் மழை பெய்தாலும் நீச்சல் வகுப்பு வந்தாலும் முதலில் நின்றுபோவது தமிழ்தான். பன்னிரண்டாம் வகுப்பு எச்எஸ்சி தேர்வில் தமிழும் ஒரு பாடம், பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான மதிப்பெண்ணில் அதையும் கணக்கில் கொள்ளலாம். வகுப்பு நாளும் நேரமும் நிலையத்துக்கு நிலையம் மாறுவதால், வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் அங்கே ஒருமுறை விசாரித்துக்கொள்வது நல்லது.