முகம் எடுக்கும் தொழில்: யூசுப் கார்ஷ் தரும் பாடம்



ஹால் டிக்கெட்டுக்கும் பயோடேட்டாவுக்கும் ஸ்டுடியோவில் போய் உட்காருகிறோம். "நிமிர்ந்து பாருங்க" என்பார்கள், பளிச்சென்று ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். இதில் படிக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு யூசுப் கார்ஷின் வாழ்க்கையே பதில்.

பிறப்பும் பிழைப்பும்

கார்ஷ் 1908-ல், இன்று துருக்கியில் உள்ள மார்டின் நகரில் ஓர் ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என் அப்பாவும் கைநாட்டுதான். எங்க வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். அதனால் இந்த இடம் மனசில் ஒட்டிக்கொண்டது.

ஆர்மீனியர்களுக்கு நேர்ந்த கொடுமைகளால் 1922-ல் குடும்பம் சிரியாவின் அலெப்போவுக்குத் தப்பி ஓடியது. பிறகு பதின்ம வயதில் கார்ஷ் மட்டும் கப்பலேறிக் கனடாவுக்கு, ஷெர்புரூக்கில் ஸ்டுடியோ வைத்திருந்த தாய்மாமா ஜார்ஜ் நகாஷிடம் வந்து சேர்ந்தார்.

அவருடைய ஆசையோ டாக்டர் ஆவது! நம்மிலும் எத்தனையோ பேர் வேறொன்றுக்கு ஆசைப்பட்டு இங்கே வந்தவர்கள்தானே? பள்ளித் தோழனுக்குப் பரிசாகக் கொடுத்த ஒரு படத்தை, அவன் இவருக்குத் தெரியாமல் போட்டிக்கு அனுப்ப, 50 டாலர் முதல் பரிசு கிடைத்தது. பத்தைத் தோழனுக்குக் கொடுத்துவிட்டு மீதியைப் பெற்றோருக்கு அனுப்பினார். முதல் சம்பாத்தியம் வீட்டுக்குப் போகும் சந்தோஷம் நமக்குச் சொல்லியா தெரிய வேண்டும்!

குருவிடம் கற்றது

1928-ல் மாமா அவரை அமெரிக்காவின் பாஸ்டனுக்கு, ஜான் கேரோ என்ற கலைஞரிடம் தொழில் பழக அனுப்பினார். ஆறு மாதம் என்று போனவர் சுமார் மூன்று வருஷம் தங்கினார். கேரோ இயற்கை வெளிச்சத்தில் மட்டுமே படம் எடுப்பவர். பொத்தானை அழுத்துவதற்கு முன் முகத்தைப் பார்க்கப் பழகு என்பதே அவர் தந்த பாடம்.

பிறகு கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில் கார்ஷ் தன் ஸ்டுடியோவைத் தொடங்கினார். காசில்லாத நேரம்; ஆரஞ்சுப் பழப் பெட்டிகளே துணி போர்த்திய நாற்காலிகள் ஆயின. அங்கே நாடகமேடை விளக்குகளைப் பார்த்துச் செயற்கை ஒளியைக் கற்றார். குரு தராத பாடத்தை ஊர் தந்தது.

சுருட்டும் சிங்கமும்

1941 டிசம்பர் 30. கனடா நாடாளுமன்றத்தில் பேசிவிட்டு வந்த சர்ச்சில், வாயில் சுருட்டோடு நின்றார். கார்ஷ் சாம்பல் கிண்ணத்தை நீட்டினார், சர்ச்சில் மசியவில்லை. விளக்கு, கேமரா எல்லாம் தயார். கார்ஷ் மரியாதையாக மன்னிப்புக் கேட்டபடியே சுருட்டைப் பிடுங்கிவிட்டார்! சர்ச்சில் முறைத்த அந்த நொடியில் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. 2016-ல் வெளிவந்த இங்கிலாந்தின் 5 பவுண்டு நோட்டில் இருப்பதும் அந்த முகமே. துணிச்சல் ஒரு நொடி. அதற்குப் பின்னால் பதினைந்து வருஷப் பழக்கம்.

நாமும் செய்து பார்க்கலாம்

1. முகத்துக்கு மிக அருகில் கேமரா போனால் மூக்கு பெரிதாகத் தெரியும். ஒன்றரை மீட்டராவது தள்ளி நில்லுங்கள்.
2. நேர் எதிரே வெளிச்சம் விழுந்தால் முகம் தட்டையாகும். ஜன்னல் ஒரு பக்கமாக, சற்று முன்னால் இருக்கட்டும்.
3. மறுபக்கம் ஒரு வெள்ளை வேட்டியைப் பிடித்தால் நிழல் இளகும்.
4. சின்ன விளக்கின் தூரத்தை இரட்டித்தால் ஒளி கால் பங்காகக் குறையும். பிசிக்ஸில் படித்த அதே விதிதான்!

கார்ஷ் 1992-ல் ஸ்டுடியோவை மூடினார், 2002-ல் காலமானார். அதற்குள் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அவர் கேமரா முன் உட்கார்ந்திருந்தார்கள்.

டிப்ளமோ கையில் வந்தபின் நாம் எந்தப் பட்டறைக்குப் போனாலும், முதல் சம்பளம் எவ்வளவு என்பதோடு, அங்கே கற்றுத்தர ஒரு கேரோ இருக்கிறாரா என்றும் கேட்போம். இருந்தால் ஆறு மாசத்தை மூன்று வருஷமாக்கத் தயங்க வேண்டாம்!