ஓவியக் கல்லூரிக்குப் போகும் மாத்தளைப் பிள்ளைகளுக்கு

• தொடக்கத்திலேயே விலைகூடிய வர்ணங்களை வாங்கிக் குவிக்க வேண்டாம். எச்பி, 2பி, 6பி பென்சில்களும் கோடு போடாத கொப்பியும் போதும்.

• சீகிரியாவின் 5ஆம் நூற்றாண்டு ஓவியங்களைப் புகைப்படம் எடுக்கத் தடை. ஒரு முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, கீழே இறங்கி நினைவிலிருந்து வரையுங்கள்; கண் கூர்மையாகும்.

• கதைக்குப் படம் வரைவோருக்குத் தம்புள்ளைக் குகைக்கோயில் நல்ல பாடம். இரண்டாம் குகைக் கூரையில் புத்தரை மாரனின் படை சூழும் காட்சியில், கூட்டத்துக்கு நடுவே கண் எங்கே போய் நிற்கிறது என்று கவனியுங்கள்.

• முத்துமாரியம்மன் கோயில் மாசிமகத் தேரன்று, வடம் இழுப்போரின் அசைவை 30 விநாடிக் கோடுகளில் பிடியுங்கள்.

• பிழைத்த படத்தையும் கிழிக்காமல் திகதியிட்டு வையுங்கள். வளர்ச்சியை அளக்க உதவும்.