அகதிச் சிறுமி ஆக்கிய இசை

வீடும் ஊரும் இழந்தவரிடம் மிஞ்சுவது என்ன? மாதங்கி அருள்பிரகாசத்தின் வாழ்க்கை இதற்கு விடை தருகிறது.

1975இல் இலண்டனில் பிறந்த இவர், ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் சென்றார். அங்கே போர் மூண்டது. தாய் கலா பிள்ளைகளுடன் சிறிது காலம் சென்னையில் தங்கினார். 1986இல் அவர்கள் அகதிகளாக இலண்டன் சேர்ந்தனர். தாய் தையல் வேலை செய்து குடும்பத்தைக் காத்தார். மாதங்கி ஓவியக் கலை பயின்று, பின்னர் 'எம்.ஐ.ஏ.' என்னும் பெயரில் பாடகியானார்.

2005இல் வெளிவந்த முதல் இசைத்தொகுப்புக்குத் தந்தையின் புனைபெயரான 'அருளர்' என்பதையே சூட்டினார். 2007இல் வந்த இரண்டாவது தொகுப்புக்குத் தாயின் பெயரைச் சூட்டி, 'கலா' என்றார். நம் கொங்கு நாட்டு மாரியம்மன் நோம்பியில் முழங்கும் உறுமி, அத்தொகுப்பின் வழியே உலகெங்கும் ஒலித்தது! ஏ.ஆர்.ரகுமானுடன் அவர் இணைந்து ஆக்கிய பாடல் 2009இல் ஆஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

ஆம், பெற்றோர் பெயரும் இனத்தின் இசையும் அவரிடம் மிஞ்சியிருந்தன.

தோழியரே, பூலுவபட்டியிலும் பவானிசாகரிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ளன. அங்குள்ள சிறுமியரை 'அகதி' என்று சுட்டாமல், பெயர் சொல்லி அழைப்போம். அவர்கள் பாடினால் செவிசாய்ப்போம்.