தையல் பிரித்த பிறகு



உஹதுப் போரில் நபி (ஸல்) அவர்களை நோக்கி வந்த தாக்குதலைத் தம் கையால் தடுத்தவர் தல்ஹா (ரலி) அவர்கள். அந்தக் கை பின்னாளில் செயலிழந்திருந்ததைத் தாம் பார்த்ததாக கைஸ் இப்னு அபீ ஹாஸிம் அறிவிப்பது புகாரியில் இருக்கிறது. மதரஸாவில் இதைப் படிக்கும்போது அவர்களுடைய தியாகம்தான் மனதில் நிற்கும். புண் ஆறி ஆண்டுகள் கழிந்தும் கை திரும்பவில்லை என்ற செய்தியும் அதே வரியில் உண்டு. இந்த மாதப் பாடம் அதைப் பற்றியது.

உக்கடத்திலும் குனியமுத்தூரிலும் லேத் பட்டறைக்கும் பவுண்டரிக்கும் போகிற பிள்ளைகள் இல்லாத தெரு குறைவு. சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறி. திருப்பூரில் கட்டிங் மெஷின். கையில் அடிபட்டால் நல்ல சிகிச்சைக்கு நம் ஊரில் குறைவில்லை. மேட்டுப்பாளையம் சாலை கங்கா மருத்துவமனையில் கை அறுவைச் சிகிச்சையைக் கற்க வெளிநாட்டு டாக்டர்களே வருகிறார்கள். ஆனால் நம் டிரஸ்டுக்கு வரும் மனுக்களைப் பாருங்கள்: ஆபரேஷன் செலவுக்கு உதவி கேட்கிறார்கள், பிசியோதெரபிக்கு யாரும் கேட்பதில்லை. தையல் பிரித்ததும் சிகிச்சை முடிந்தது என்று வீட்டில் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து விரல் மடங்கவில்லை என்று வரும்போது பாதி வாய்ப்பு போயிருக்கும்.

காரணம் இது. வெட்டுப்பட்ட இடத்தை அடைக்க உடல் கொலாஜன் என்ற நாரை அவசரமாக நெய்து போடுகிறது. நல்ல தோலில் அந்த நார்கள் ஒழுங்காகப் பின்னியிருக்கும். தழும்பில் ஒரே பக்கமாக நெருங்கி, இறுகிக் கிடக்கும். மேல்தோல் இரண்டு வாரத்தில் மூடிக்கொண்டாலும், உள்ளே இந்த நெசவு ஒரு வருடம் வரைகூடப் பிரிந்து பிரிந்து திரும்ப நடக்கிறது. அப்படி முழுதாக ஆறிய தழும்பும் பழைய தோலின் வலுவில் சுமார் 80 சதவீதத்தைத்தான் எட்டும். உள்ளங்கையில் பிரச்சினை இன்னும் பெரிது. விரலை மடக்கும் தசைநாண் (நாம் ‘நரம்பு’ என்று சொல்வது) உறைக்குள் வழுக்கி ஓட வேண்டியது. தழும்பு அதை எலும்போடும் தோலோடும் ஒட்ட வைத்துவிட்டால், தைத்த தசைநாண் நன்றாகவே இருந்தும் விரல் அசையாது.

இந்த ஒட்டலைத் தளர்த்தப் பல வழிகள் உண்டு. விரலால் அழுத்தித் தேய்ப்பது பழைய வழி. இப்னு சீனா தமது ‘அல்கானூன்’ நூலில் ‘தல்க்’ என்ற உடல் தேய்ப்பைக் கடினமானது, மென்மையானது, முரட்டுத் துணியால் செய்வது என்று வகை பிரித்து, எதற்கு எது என்று எழுதியிருக்கிறார். சீனர்கள் வழுவழுப்பான விளிம்புள்ள பொருளால் தோலைச் சுரண்டும் ‘குவா ஷா’வை வைத்திருந்தார்கள். 1990களில் அமெரிக்காவின் இண்டியானாவில், முழங்காலில் அடிபட்டு மீளாமல் தவித்த டேவிட் கிராஸ்டன் என்ற விளையாட்டு வீரரின் முயற்சியில் வளைந்த விளிம்புள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கருவிகள் உருவாயின. இன்று கோவையிலும் சில பிசியோதெரபி மையங்களில் இவற்றைப் பார்க்கலாம். தோலில் க்ரீம் தடவி, கருவியின் விளிம்பைச் சாய்த்து நீவும்போது உள்ளே இறுகிய இடம் நறநறவென்று கைக்குத் தட்டுப்படும். அந்த இடத்தில் சில நிமிடம் வேலை செய்துவிட்டு, உடனே இழுத்து நீட்டும் பயிற்சியும் அசைவுப் பயிற்சியும் கொடுப்பார்கள்.

இதன் பலன் எவ்வளவு? 2009-ல் எலிகளின் முழங்கால் இணைப்பு நாரில் ஒரு சோதனை நடந்தது. கருவியால் தேய்த்த கால், தேய்க்காத காலைவிட நான்கு வாரத்தில் 43 சதவீதம் வலுவாக இருந்தது. பன்னிரண்டு வாரத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதாவது ஆறுவதை முன்தள்ளலாம். உடல் செய்யாத அதிசயம் எதையும் கருவி செய்துவிடாது. மனிதர்களில் நடந்த ஆய்வுகளின் முடிவும் கலவையாகவே இருக்கிறது. ஆகவே கருவி இல்லாத மையம் என்று நல்ல பிசியோதெரபிஸ்டை விட்டுவிட வேண்டாம். அசைவுப் பயிற்சிதான் முதல். ஸ்டீல் அதற்கு எடுபிடி.

இதை நம் மண்ணில் பிறந்த ஒருவர் செய்தே காட்டினார். டாக்டர் பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். 1940களின் இறுதியில் வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்குத் தசைநாணை மாற்றி வைத்து ஆபரேஷன் செய்யத் தொடங்கினார். ஆபரேஷனோடு அவர் நிறுத்தவில்லை. மாற்றி வைத்த தசைநாணுக்குப் புது வேலையைப் பழக்கும் பயிற்சியையும், அந்தக் கையால் செய்யும் தச்சு வேலையையும் சிகிச்சையின் பகுதியாகவே வைத்தார்.

இனி எச்சரிக்கை. இணையத்தில் இந்தக் கருவிகள் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கித் தோல் கன்றிப்போகும் அளவுக்குச் சுரண்டுகிறார்கள். கன்றினால்தான் வேலை செய்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். அது தவறு. ஆறாத புண், சீழ், சேராத எலும்பு, காலில் இரத்தக் கட்டு, புற்றுநோய் இருந்த இடம், புதிதாக ஒட்ட வைத்த தோல் ஆகியவற்றில் கருவி படவே கூடாது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும், சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவர்களும் டாக்டரைக் கேட்காமல் செய்யக் கூடாது. முழங்கை முறிவுக்கு இறுக்கிக் கட்டுப் போட்டு இரத்த ஓட்டம் நின்று, கை நிரந்தரமாகச் சூம்பிப்போன பிள்ளைகளும் உண்டு. மருத்துவம் அறியாமல் வைத்தியம் பார்ப்பவர் விளையும் தீங்குக்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் அபூதாவூதிலும் நஸாயீயிலும் நபிமொழி இருக்கிறது. ஃபிக்ஹு நூல்கள் இதை ‘ளமான்’ என்று பேசுகின்றன. சுளுக்கு எடுக்கும் பெரியவருக்கும் இது பொருந்தும், இரண்டு நாள் வகுப்பு முடித்துக் கருவி வாங்கியவருக்கும் பொருந்தும்.

வீட்டில் செய்யக்கூடியது எளிது. தையல் பிரித்து, பொருக்கு உதிர்ந்து, டாக்டர் சரி என்ற பிறகு, வேசலின் தொட்டுக் கட்டைவிரலால் தழும்பின் மேல் வட்டமாகவும் குறுக்காகவும் நீவுங்கள். விரல் பட்ட இடம் சற்று வெளுக்கும் அளவு அழுத்தம் போதும். பத்து நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று முறை. தொழுகைக்கு உளூ செய்யும் நேரத்தோடு சேர்த்துக்கொண்டால் மறக்காது. தழும்பு சிவந்திருக்கும் வரை வெயில் படாமல் மூடுங்கள். தசைநாண் தைத்தவர்கள் பாரம் தூக்கச் சுமார் மூன்று மாதம் ஆகும். ஸ்ப்ளிண்டை டாக்டர் சொல்லும் முன் கழற்ற வேண்டாம். இரண்டாவது முறை அறுந்தால் தைப்பது கடினம்.

செலவுக்கு முதலில் இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறதா பாருங்கள். வேலையில் அடிபட்டு வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு, சிகிச்சை போகக் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். விபத்து அறிக்கையை முதலாளியிடமிருந்து எழுதி வாங்குவது அவசியம். ‘நானே பார்த்துக்கொள்கிறேன், எழுத வேண்டாம்’ என்று அவர் சொன்னாலும் கேளுங்கள். சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் இதை விசாரிக்கலாம். அட்டை இல்லாத கூலித் தொழிலாளிகளுக்கு, பிசியோதெரபிக்குப் போய்வரும் பஸ் கட்டணத்தையும் ஸ்ப்ளிண்ட் செலவையும் பைத்துல்மாலிலிருந்து கொடுக்கச் செயற்குழு இசைந்திருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரி, பிசியோதெரபிஸ்ட் எழுதிய சீட்டு, ஜமாஅத் கடிதம் மூன்றையும் எடுத்துக்கொண்டு அஸருக்குப் பிறகு அலுவலகம் வாருங்கள். தையல் பிரிக்கும் நாளுக்கு முன்பே வந்தால் நல்லது.