காரின் காற்று வடிகட்டியைப் பிரித்துப் பார்ப்போமா?

2013 ஜூன் 21ஆம் தேதி நண்பகலில் சிங்கப்பூரின் காற்றுத்தரக் குறியீடான பிஎஸ்ஐ 401ஐ எட்டியது. அதற்கு முன் இங்கு பதிவாகாத அளவு அது. சுமத்ராவில் எரிந்த காடுகளும் கரிநிலங்களும் அனுப்பிய புகைமூட்டம். 2015இல் மீண்டும் மோசமானபோது செப்டம்பர் 25ஆம் தேதி பள்ளிகளையே மூடினார்கள். அந்த நாள்களில் காரின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஏர்கானைப் போட்டுக்கொண்டவர்கள் புகையிலிருந்து தப்பித்தார்களா?

அது பெரும்பாலும் ஒரு மடிப்புக் காகிதத்தைப் பொறுத்தது. காருக்குள் வரும் காற்றைச் சுத்தப்படுத்தும் வடிகட்டிதான் அது.

வடிகட்டி என்றதும் நமக்குத் தேநீர் வடிகட்டி நினைவுக்கு வரும். ஓட்டையைவிடப் பெரியது நிற்கும், சிறியது போய்விடும். ஆனால் காற்று வடிகட்டி அப்படி வேலை செய்வதில்லை. அதன் இழைகளுக்கு இடையிலுள்ள இடைவெளி, அது பிடிக்கும் பல துகள்களைவிடப் பெரியது! காற்று இழையைச் சுற்றி வளைந்து செல்லும்போது, கனமான துகளால் திரும்ப முடியாமல் நேரே போய் மோதிக்கொள்கிறது. மிக நுண்ணிய துகளோ காற்று மூலக்கூறுகள் இடிப்பதால் தள்ளாடித் தள்ளாடி இழையில் ஒட்டிக்கொள்கிறது. பிரவுனியன் இயக்கம் என்று இதைப் படித்திருப்பீர்கள். இரண்டிலும் சேராத, ஏறத்தாழ 0.3 மைக்ரோமீட்டர் அளவுத் துகள்தான் பிடிப்பதற்கு ஆகக் கடினம். புகைமூட்டத் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரோமீட்டருக்கும் சிறியவை என்பதுதான் சிக்கல். சாதாரண வடிகட்டி தூசியை நன்றாகப் பிடிக்கும், புகையை ஓரளவுதான். இழைகளில் மின்னூட்டம் ஏற்றிய வகை இதில் மேலானது.

சரி, காகிதத்தை ஏன் மடிக்கிறார்கள்? 20 செ.மீ. சதுர வடிகட்டியில் 2.5 செ.மீ. ஆழத்தில் 20 மடிப்புகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு மடிப்புக்கு 5 செ.மீ. காகிதம்; விரித்தால் 100 செ.மீ. நீளம். பரப்பு 400 சதுர செ.மீ. அல்ல, 2,000. காற்று ஐந்தில் ஒரு பங்கு வேகத்தில் ஊடுருவினால் போதும்.

சிராங்கூன் சாலையில் லாரிக்குப் பின்னால் நின்றால் டீசல் நெடி வருமே, அது வாயு. அதைத் துகள் வடிகட்டி தடுக்காது. கரி பூசிய வகை ஓரளவு உறிஞ்சும்.

இனி மாற்றும் வேலை. அப்பாவையோ அம்மாவையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு, இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். பல கார்களில் முன்பயணியின் முழங்காலுக்கு எதிரேயுள்ள பெட்டிக்குப் பின்னால் இது இருக்கும், கையேட்டில் சரிபாருங்கள். பெட்டியின் இரு பக்கங்களையும் உள்நோக்கி அழுத்திக் கீழே இறக்கி, மூடியைக் கழற்றி, வடிகட்டியை மெதுவாக இழுங்கள். குலுக்காதீர்கள், சேர்ந்த குப்பை விசிறிக்குள் விழும். நம்மூரில் தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தும் கார் என்றால் அதன் குட்டி இலைகள் கட்டாயம் கிடைக்கும். வெளிக்காற்று நுழையும் வாய் முன்கண்ணாடியின் அடியில்தானே இருக்கிறது!

புதியதைச் செருகும்போதுதான் பலர் தவறு செய்கிறார்கள். ஓரத்திலுள்ள அம்புக்குறி சிலவற்றில் காற்று போகும் திசையைக் காட்டும். சிலவற்றில் ‘அப்’ என்ற சொல்லுடன், எந்தப் பக்கம் மேலே என்பதை மட்டும் காட்டும். எழுத்தைப் படித்துவிட்டுச் செருகுங்கள்.

பழையதைக் கழுவி மீண்டும் போடலாமே என்று தாத்தா கேட்கலாம். சிக்கனம் நல்லதுதான், ஆனால் கழுவினால் காகிதம் நைந்துபோகும், மின்னூட்டமும் குறையும். ஆண்டுக்கு ஒருமுறை, அல்லது கையேடு சொல்லும் தூரத்தில் மாற்றுங்கள்.

புகைமூட்டத்தின்போது உள்காற்றையே சுழலவிடும் பொத்தானை அழுத்துங்கள். பல கார்களில் அந்தக் காற்று திரும்பத் திரும்ப வடிகட்டி வழியே போவதால், சாதாரண வடிகட்டிகூடப் புகையைப் படிப்படியாகக் குறைக்கும். வீட்டில் ஆஸ்துமா உள்ள தம்பி, தங்கை இருந்தால் இது பெரிய உதவி. ஆனால் நால்வர் மூச்சுவிடும் அடைத்த காருக்குள் கரியமில வாயு விரைவில் கூடி ஓட்டுநருக்குத் தூக்கம் வரும். நீண்ட பயணத்தில் அவ்வப்போது சில நிமிடங்கள் வெளிக்காற்றுக்கு மாற்றச் சொல்லுங்கள்.