கணக்கும் ஓர் அமானிதமே: பி.காம். படிக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்



பிளஸ் டூ முடித்த நம் பிள்ளைகள் பலர் பி.காம். சேர்கிறார்கள். மூன்று வருடம் கழித்துப் பட்டம் கைக்கு வந்ததும், "படிப்பு முடிந்தது, வேலைதான் அமையவில்லை" என்று பெற்றோர் நம்மிடம் வந்து கவலைப்படுகிறார்கள். பட்டத்துக்கும் வேலைக்கும் நடுவில் என்ன குறைகிறது என்று இந்த இதழில் பார்ப்போம்.

வகுப்பறை தருவது

நிதிக் கணக்கியல், அடக்க விலைக் கணக்கியல், நிறுவனக் கணக்கியல், தணிக்கை, வருமான வரி, வணிகச் சட்டம் ஆகியவை பி.காம். படிப்பின் முக்கியப் பாடங்கள். பரீட்சைக்காக மட்டும் படித்தால் இவை பரீட்சையோடு மறந்துபோகும். பற்றும் வரவும் ஏன் சமமாக வேண்டும் என்று புரிந்து படித்தவருக்கு டேலியும் எக்செல்லும் சீக்கிரம் கைவந்துவிடும். புரியாமல் டேலி மட்டும் கற்றவருக்கு எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியும். தவறு எங்கே என்று தெரியாது.

2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு, பதிவு பெற்ற வியாபாரிகள் தொடர்ந்து ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டியிருக்கிறது. ஆகவே கணக்கு வேலை சென்னையில் மட்டும் இல்லை. உத்திரமேரூர், வந்தவாசி கடைவீதிகளிலும் இருக்கிறது.

வகுப்புக்கு வெளியே கற்பது

சி.ஏ. படிப்பைப் பாருங்கள். பிளஸ் டூ முடித்தவர்கள் ஃபவுண்டேஷன் தேர்வு எழுதி அதில் சேரலாம். வணிகவியல் பட்டத்தில் 55 சதவீதம் பெற்றவர்கள் நேராக இன்டர்மீடியட் நிலைக்கே போகலாம். ஆனால் தேர்வுகளில் தேறினால் மட்டும் யாரும் ஆடிட்டர் ஆகிவிட முடியாது. ஓர் ஆடிட்டரிடம் பயிற்சி பெற்றே ஆக வேண்டும். முன்பு மூன்று ஆண்டாக இருந்த அந்தப் பயிற்சி, 2023-ல் வந்த புதிய திட்டத்தில் இரண்டு ஆண்டாகியிருக்கிறது. ஏட்டுக் கணக்கு மட்டும் போதாது என்பதை அந்தப் படிப்பே ஒப்புக்கொள்கிறது.

இந்தப் பழக்கத்தைக் கல்லூரி நாட்களிலேயே தொடங்கலாம். 1969-ல் ஆரம்பிக்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேரும் மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். ஏழு நாள் கிராம முகாமும் உண்டு. ஐம்பது பேர் தங்கும் முகாமுக்கு அரிசி, காய்கறி, வண்டி வாடகை எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே கணக்கிட வேண்டும். முன்பணம் வாங்கி, ஒவ்வொரு செலவுக்கும் பில் வைத்து, மீதியைத் திருப்பித் தர வேண்டும். பட்ஜெட், வவுச்சர், ரொக்கப் புத்தகம், தணிக்கை எல்லாம் அந்த ஏழு நாளில் வந்துவிடுகின்றன. வணிகவியல் மன்றத்தில் பொருளாளராக இருப்பதும் இப்படித்தான்.

கருத்தரங்கில் எழுந்து பேசுவதும் வீண் வேலை அல்ல. "இந்தச் செலவுக்கு ரசீது இல்லை" என்று முதலாளியிடமே மரியாதையாகச் சொல்ல வேண்டியவர் கணக்காளர். பேசிப் பழகாத பிள்ளைக்கு அந்தத் துணிவு திடீரென்று வராது.

பெற்றோர் கவனத்துக்கு

"காலேஜுக்குப் போனாயா, நேரே வீட்டுக்கு வா" என்று நாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பஸ் குறைவு, இருட்டிவிடும். பெண் பிள்ளைகள் விஷயத்தில் கவலை இன்னும் அதிகம். ஆனால் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தடுக்க வேண்டாம். பகல் நேர நிகழ்ச்சிகள், பேராசிரியைகள் உடன் இருக்கும் முகாம்கள் எவை என்று கல்லூரியில் கேட்டறிந்து அனுமதியுங்கள். நம் முன்னோர் 1951-ல் சென்னையில் புதுக்கல்லூரியையும் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியையும் தொடங்கினார்கள். 1955-ல் பெண்களுக்கென்றே எஸ்.ஐ.இ.டி. கல்லூரி வந்தது. பிள்ளைகள் பட்டத்தோடு பொறுப்பும் கற்று வர வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும்.

வட்டி பற்றிய கேள்வி

"நிதித்துறை என்றாலே வட்டிதானே?" என்று சிலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் ஈமானிலிருந்து வருவது, அதை மதிக்கிறோம். ஆனால் இந்தத் துறை வங்கியோடு முடிவதில்லை. தணிக்கை, வரி ஆலோசனை, ஆலைகளின் அடக்க விலைக் கணக்கு, மருத்துவமனை, பள்ளி, ஏற்றுமதி நிறுவனங்களின் கணக்குப் பிரிவு, அரசின் கருவூலம் என்று எத்தனையோ வாசல்கள் உள்ளன. குறிப்பிட்ட ஒரு வேலையில் சந்தேகம் இருந்தால் சேருவதற்கு முன் ஆலிம்களிடம் கேளுங்கள். துறையையே ஒதுக்கிவிடாதீர்கள்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதி, சாட்சி வைப்பதைப் பற்றியது. யூசுஃப் நபி (அலை) அவர்கள் நாட்டின் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது, பாதுகாக்கும் தன்மை, அறிவு என்ற இரண்டையும் தம் தகுதிகளாகச் சொன்னார்கள். அறிவைக் கல்லூரி தரும். பாதுகாக்கும் தன்மை, பிறர் பணத்தைக் கையாண்டு கணக்கு ஒப்படைத்துப் பழகினால்தான் வரும். நமக்குப் பக்கத்தில் உள்ள உத்திரமேரூர்க் கல்வெட்டும் இதைத்தான் காட்டுகிறது. வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்வு பெற முடியாது என்று 1,100 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே விதி வைத்திருந்தார்கள்.

நாம் செய்யக்கூடியவை

1. வரும் ரமளானில் ஃபித்ரா, ஜகாத் வசூல் கணக்கு எழுதும் பணியில் பி.காம். மாணவர்களையும் சேர்த்துக்கொள்ளும்படி ஜமாஅத் நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.

2. கடை வைத்திருக்கும் சகோதரர்கள் ஜகாத் கணக்கிடும்போது படிக்கும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். எதைக் கூட்டுவது, எதைக் கழிப்பது என்று ஆலிம் சொல்வார். சரக்கு, ரொக்கம், நிலுவை ஆகியவற்றின் தொகையைப் பிள்ளை சரியாக எடுத்துத் தரட்டும்.

3. மாணவர்களே, ஆண்டுக்கு ஒரு பொறுப்பையாவது ஏற்று, கடைசி ரூபாய் வரை கணக்கு ஒப்படையுங்கள். நேர்காணலில் "என்ன செய்திருக்கிறீர்கள்?" என்று கேட்டால் சொல்வதற்கு அது இருக்கும்.

பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் ஹலாலான வருமானத்தையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.