வீட்டில் சிலந்தி மிகுந்தால்

சென்ற ஆண்டு ஐப்பசித் திங்களில், நம் மகன் குடும்பத்தாருடன் சில வாரங்கள் தங்கும் பொருட்டுக் கொல்லிமலைக்குச் சென்றிருந்தோம். நாமக்கல் மாவட்டத்து இம்மலைமேல் நாடுகள் எனப்படும் பகுதிகள் பல உள. அவற்றுள் திண்ணனூர் நாட்டில் அவர்கள் வீடு. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, மரங்களில் படர்ந்த மிளகுக் கொடிகளையும் அவற்றின் நிழலில் காப்பிச் செடிகளையும் கண்டு மகிழ்ந்து போய்ச் சேர்ந்தோம். வாயிலில் மருமகள் நம்மை வரவேற்ற கையோடு, "அத்தை, இந்த எட்டுக்கால் பூச்சிகளுக்கு ஒரு வழி சொல்லிவிட்டுத்தான் நீங்கள் ஊருக்குத் திரும்ப வேண்டும்" என்றாள்.

அவள் மிகைப்படுத்தவில்லை. அன்று மாலை பேத்தியும் நாமுமாக எண்ணினோம். முன்தாழ்வாரத்தில் மட்டும் இருபத்தேழு சிலந்திகள் இருந்தன. கடைக்காரர் கொடுத்த பூச்சிமருந்துக் குப்பி, திறக்கப்படாமல் அலமாரியில் இருந்தது. "நீங்கள் வந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறேன்" என்றாள்.

அக்குப்பியைக் கண்டதும் நமக்குப் பழைய நிகழ்ச்சி ஒன்று நினைவிற்கு வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன், வர்த்தமான பகவான் வீடுபேறு அடைந்த தீபாவளித் திருநாளுக்காக வீட்டைத் துப்புரவு செய்கையில், நாமே அத்தகைய மருந்தை மூலைதோறும் தெளித்தோம். மறுநாள் காலையில் தரையில் கிடந்தவை சிலந்திகள் மட்டுமல்ல. பல்லிகள் இரண்டும் கிடந்தன. ஒரு சிலந்தி இறந்த பின்னும் தன் முட்டைப்பையை விடாமல் பற்றியிருந்தது. அதனை வாரிய முறத்தோடு நின்ற நிலை இன்றும் நம் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

இல்லறத்தாருக்கு இம்சையை நால்வகையாகப் பிரித்துச் சொல்லுவது நம் மரபு. சமைத்தல், பெருக்குதல் முதலிய வீட்டு வினைகளில் நேர்வது ஆரம்ப இம்சை. உழவு, வாணிகம் போன்ற தொழிலில் நேர்வது உத்யோக இம்சை. தற்காப்பில் நேர்வது விரோத இம்சை. கொல்வேன் என எண்ணிக் கொல்வது சங்கல்ப இம்சை. முதல் மூன்றையும் சிராவகர் இயன்ற அளவு குறைத்தல் வேண்டும். நான்காவதை முற்றும் விடுதல் வேண்டும். ஒட்டடை அடிக்கையில் அறியாது நேரும் கேடு முதல் வகையைச் சாரும். குப்பியை எடுத்து அழுத்துவது எவ்வகை என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை.

இனிச் சிலந்தி யார் என்பதைப் பார்ப்போம். அது பூச்சி அன்று. பூச்சிக்குக் கால் ஆறு, சிலந்திக்கு எட்டு. நம் மரபு அதனை நான்கறிவுயிராகக் கொள்ளும். மெய், வாய், மூக்கு, கண் என்னும் நான்கு பொறிகள் உண்டு, செவி இல்லை. தொல்காப்பியர் நண்டையும் தும்பியையும் இவ்வகுப்பில் வைத்துள்ளார். நண்டு சிலந்திக்குத் தொலைவான உறவு என்று இன்றைய விலங்கியலும் சொல்லுகிறது. சிலந்திக்குக் காது என்னும் தனி உறுப்பு இல்லை. காலிலுள்ள நுண்ணிய உணர்வுறுப்புகளால் அதிர்வை உணர்ந்து கொள்கிறது. வலையில் விழுந்தது சருகா, ஈயா என அது அறிவது இவ்வாறே.

அது வீட்டிற்கு வருவது நம்மை நாடி அன்று. இரையை நாடி வருகிறது. இரையோ விளக்கை நாடி வருகிறது. மழைக்காலத்து மலையில் ஈசலும் விட்டிலும் கொசுவும் மிகுதி. நம் மகன் தாழ்வாரத்தில் பொருத்தியிருந்தது பளீரென்ற வெண்ணிற எல்.இ.டி. விளக்கு; அதுவும் விடியும்வரை எரிவது! நீலம் கலந்த வெண்ணொளி பூச்சிகளை மிகவும் ஈர்க்கும். மஞ்சள் ஒளி அவ்வளவாக ஈர்ப்பதில்லை. முதல் வேலையாக மஞ்சள் விளக்கு மாட்டச் சொன்னோம். வேண்டும்போது மட்டுமே ஏற்றச் செய்தோம். சன்னல்களுக்குக் கம்பிவலை அடித்தாயிற்று. கதவின் கீழ் இடைவெளியை அடைத்தாயிற்று. சுவரை ஒட்டி அடுக்கியிருந்த விறகையும் பழைய சாக்குகளையும் கொட்டகைக்கு மாற்றினோம். பத்து நாட்களில் தாழ்வாரத்தின் எண்ணிக்கை இருபத்தேழிலிருந்து ஒன்பதாயிற்று. இரை குறைந்த இடத்தில் அவை தங்குவதில்லை.

உள்ளே இருப்பவற்றை வெளியேற்றும் முறை எளிது. கண்ணாடித் தம்ளரை மெல்லக் கவிழ்த்து, அதன் கீழ் அஞ்சலட்டை ஒன்றைச் செருகி, அப்படியே எடுத்துச் செல்லலாம். ஆயின் எங்கே விடுவது? வீட்டு மூலையிலேயே வாழ்ந்து பழகிய மெல்லிய நெடுங்கால் சிலந்தியைக் கொட்டும் மழையில் விடுவதும் கொலைக்கு ஒப்பானதே. கொட்டகையோ விறகுப் பரணோ அதற்கு ஏற்ற இடம். கரப்பான் தேடி இரவில் ஓடும் தட்டையான பெரிய பழுப்புச் சிலந்திக்குத் தம்ளர் போதாது. அகன்ற பாத்திரம் வேண்டும். அதன் வயிற்றின் கீழ் வெண்ணிற வட்டில்போல் ஒன்று இருந்தால் அது முட்டைப்பை. அதற்குள் நூற்றுக்கணக்கான உயிர்கள் உள்ளன. விரட்டாமல், தானே நகரும்வரை பொறுத்திருத்தல் நலம்.

ஒட்டடையைப் பகலில், கண் தெரியும்போது அடித்தல் வேண்டும். தூசி படிந்து ஆளின்றித் தொங்குவது வேறு. குடியிருக்கும் வலை வேறு. நம் முனிவர்கள் அமருமுன் மயிற்பீலியால் இடத்தை நீவுவதைக் கண்டிருப்பீர்கள். அந்த மென்மையில் ஒரு பங்கேனும் நம் ஒட்டடைக்கோலுக்கு இருக்கலாம்; நுனியில் பழைய பருத்தித்துணியைச் சுற்றிக் கட்டினோம்.

ஒரு நாள் பேத்தி கேட்ட வினா நம்மைத் திகைக்க வைத்தது. "பாட்டி, சிலந்தி கொசுவைக் கொல்கிறதே, அதை நாம் விட்டுவைத்தால் அந்தப் பாவம் நமக்கும் வராதா?" ஆசிரியப் பயிற்சியில் எல்லாக் கேள்விக்கும் விடை சொல்லித் தருவதில்லை. அன்று இரவு முழுதும் எண்ணிப் பார்த்தோம். தானே செய்தல், செய்வித்தல், செய்வதை உவத்தல் என மூன்றும் வினையாகும். கொசுவைத் தின்னட்டும் என்று சிலந்தியை வளர்த்தால் அது செய்வித்தல். தின்னும்போது பார்த்து மகிழ்ந்தால் அது உவத்தல். ஆகவே, "சிலந்தி நமக்கு நன்மை செய்கிறது, அதனால் கொல்லாதீர்" என்று பலர் சொல்லும் காரணத்தை நாம் சொல்லலாகாது. பயன் இல்லாவிடினும் அதன் உயிர் அதனுடையது. அதன் வினையை அது நுகரும். நாம் அதனை ஏவவில்லை. இவ்வளவே பேத்திக்குச் சொன்னோம். அவள் முழுதும் ஏற்றாள் என்று தோன்றவில்லை.

ஆயினும் பயனைப் பற்றிய ஓர் உண்மையை உழவர் குடும்பங்களாகிய நம்மவர் அறிதல் நன்று. நெற்பயிரில் புகையானைத் தின்பவற்றுள் ஓநாய்ச் சிலந்தி முதன்மையானது. மருந்து அடித்தால் சிலந்தி மடிகிறது, பின்னர்ப் புகையான் முன்னிலும் பெருகுகிறது, மீண்டும் மருந்து. இந்தோனேசிய அரசு 1986ஆம் ஆண்டில் நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது இதனாலேதான். தொழிலில் நேரும் இம்சையைக் குறைக்க வழி உண்டு என்பதற்காக இதனைச் சொல்லுகிறோம்.

அச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரவு உறங்கி எழுந்தவர் உடலில் எரிச்சலோடு கோடுபோல் கொப்புளம் கண்டால், "சிலந்தி ஊர்ந்துவிட்டது" என்பர். பெரும்பாலும் அது சிலந்தி அன்று. எறும்புபோல் மெலிந்த, கருப்பும் செம்மஞ்சளும் கலந்த ஒருவகை வண்டு உடல்மேல் நசுங்கினால் அதன் நீர் பட்ட இடம் வெந்து போகும். அதுவும் விளக்கிற்கு வருவதே. அக்கி என்னும் நோயையும் சிலந்தியின்மேல் ஏற்றுவதுண்டு.

ஒன்றை மட்டும் கையால் தொடலாகாது. கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் மரப்பொந்துகளில் வாழும், உடலெங்கும் மயிர் அடர்ந்த பெருஞ்சிலந்தி உண்டு. சேலம் பகுதியில் கிடைத்த அவ்வினம் ஒன்றிற்கு 1899இல் போக்காக் என்னும் ஆங்கிலேய அறிஞர் பெயரிட்டார். அது கடித்தால் கடும் வலியும் தசைப்பிடிப்பும் உண்டாகும். கடிவாயைக் கீறாமல், கழுவிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்க. அதுவும் அரிதாகிவிட்ட உயிரே. வெளிநாடுகளில் விலைக்கு வாங்கி வளர்ப்போர் இருப்பதால், 2019இல் அதன் இனம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் சேர்க்கப்பட்டது.

தோட்டத்தில் நடைவழிக்குக் குறுக்கே பொன்னிற நூலில் பெருவலை கட்டியிருந்தது ஒன்று. அதனை அழிக்க மனமில்லை. வழியின் இருபுறமும் நீண்டிருந்த கிளைகளைக் கழித்து, வலையின் ஒருபக்க நூலை மட்டும் குச்சியால் தளர்த்திவிட்டோம். மூன்றாம் நாள் அது நான்கடி உயரே, தலைக்கு மேலே புதிதாகக் கட்டிக்கொண்டது. கீழே நாங்கள் நடந்தோம்.

ஊர் திரும்பும்போது கூடத்துப் படத்தின் பின்னால் ஒரு முட்டைப்பை இருந்தது. குஞ்சுகள் வெளியேறிப் போகும்வரை அப்படத்தைத் துடைக்க வேண்டா என்று மருமகளிடம் சொல்லிவிட்டு வந்தோம். குப்பியை அவளே கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.